தங்குதலும் ஆதலும்

போர்த்துக்கேய மொழியை ஆங்கில நூல்களின் துணைகொண்டு கற்கப் புகுவோரைத் தடுமாற வைப்பது 'ஃபிக்கார்' என்னும் சிறு வினைச்சொல். அகராதியில் 'தங்குதல்' என்று பொருள் கண்டிருக்கும். மழை நாளில் வீட்டில் தங்குவதற்கு அது நன்றாகவே பொருந்தும். அடுத்த பக்கத்திலோ, 'அவள் விதவையாகத் தங்கினாள்' என்று தோன்றும் ஒரு வாக்கியம் எதிர்ப்படும். அவள் விதவையானாள் என்பதே அதன் கருத்து. தங்குதலில் மாற்றமில்லை; ஆதல் என்பதோ மாற்றமே. இரண்டையும் ஒரு சொல் எவ்வாறு சுமக்கும் என்று ஆங்கிலம் பேசுபவன் மயங்குகிறான்.

நானும் ஆங்கில வழியாகவே பயின்றேன்; விளக்கம் கிடைத்தது தமிழில். 'வாயடைத்து நின்றான்', 'அநாதையாய் நின்றாள்' என்கிறோமே, அங்கே காலூன்றி நிற்பவர் யார்? ஒன்று நிகழ்ந்து முடிந்தபின் எஞ்சிய நிலையையே அச்சொல் சுட்டுகிறது. ஃபிக்கார் என்பதன் உயிரும் அதுவே. பணம் தீர்ந்து வெறுங்கையாய் நிற்பவனுக்கும், திடீரெனச் செல்வனானவனுக்கும் அதே வினை. தபாற்கந்தோர் எங்கே இருக்கிறது என்று வழி கேட்கவும் அது உதவும். பிரேசில் நாட்டு இளைஞர் அதனைக் காதல் விளையாட்டுக்கும் வழங்குவர். இது குடும்பப் பகுதியாதலின் அதனை விட்டுவிடுகிறேன்.

வரலாற்றிலும் இவ்வினைக்கு இடமுண்டு. 1821இல் ஆறாம் ஜோவான் மன்னர், மகன் பெட்ரோவைப் பிரேசிலில் விட்டு லிஸ்பன் திரும்பினார். பின்னர் இளவரசனையும் திரும்புமாறு லிஸ்பன் பாராளுமன்றம் பணித்தது. 1822 ஜனவரி 9ஆம் நாள் ரியோ டி ஜெனீரோவில் அவன் அளித்த மறுமொழியின் சாரம் 'ஃபிக்கோ' என்ற ஒரே சொல்: நான் இங்கேயே நிற்பேன். அவ்வாண்டு செப்டம்பர் 7இல் பிரேசிலின் விடுதலையை அவனே அறிவித்தான். அந்த ஜனவரி நாள் இன்றும் 'ஃபிக்கோ நாள்' எனப்படுகிறது.

1960களில் இலட்சக்கணக்கான போர்த்துக்கேயர் பிழைப்புத் தேடிப் பிரான்சுக்குச் சென்றனர். ஊரில் எஞ்சியோரைக் குறிக்கவும் இவ்வினையே போதும். அவர்கள் தங்கினார்களா, தனித்தவர்கள் ஆனார்களா? மொழிபெயர்ப்பவன் ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டும். போர்த்துக்கேயனுக்கு அத்தொல்லை இல்லை.

என் தமையன்மார் இருவரும் கடல் கடந்தவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் தமிழ் அறியார். அவர்களுக்கு ஆங்கிலத்தில் எழுதும் கடிதங்களில், 'அப்பாச்சி இங்கேயே இருக்கிறார்' என்பதற்குமேல் என்னால் எழுத முடிந்ததில்லை.