அரை அங்குலம்

2018ஆம் ஆண்டு, சின்ன வெங்காய அறுவடைக் காலத்திலே, எம் தம்பியாரின் லொறி கியர்பெட்டி உடைந்து சுன்னாகத்திற் படுத்துவிட்டது. கடன்பட்டு வாங்கிய மாற்றுப் பெட்டியோ எஞ்சினோடு பொருந்தாது அரை அங்குலம் விலகியே நின்றது. வெங்காயம் சாக்கில் அழுகத் தொடங்கியிருந்தது. "போல்ற்றை இறுக்கினால் உள்ளே போய்விடாதோ?" என்றோம் யாம்.

மெக்கானிக், இக்கல்லூரியில் எம்மிடம் இலக்கணம் படித்துப் பலகால் ஏச்சு வாங்கியவர். "வேண்டாம் சேர், பெட்டியின்ரை காது வெடிச்சுப்போம்" என்று தடுத்தார்.

கிளச்சுத் தட்டு நடுவில் நிற்கின்றதா என முதலிற் பார்த்தார், பிழையில்லை. பழைய தண்டு, புதிய தண்டு இரண்டின் பற்களையும் எண்ணினார், இரண்டிலும் 10. பின்னர் வேணியர் இடுக்கிமானியால் தண்டுகளின் நுனியை அளந்தார். அங்கேதான் வேற்றுமை. பிளைவீலின் நடுவேயுள்ள சிறு பெயாரிங் பழைய நுனிக்கே அளவானது. புதிய நுனி சற்றே பருத்தது. துளை பெரிதான வேறொரு பெயாரிங்கை இட்டதும், பெட்டி கையால் தள்ளவே சென்று சேர்ந்தது.

நிலைமொழியின் ஈறு நோக்காது வருமொழியைப் புணர்த்தும் மாணாக்கரை எத்துணை முறை கடிந்திருப்போம்! அன்று போல்ற்றை இறுக்க நின்றவர் யாமே.

விடியுமுன் லொறி தம்புள்ளைக்குப் புறப்பட்டது. கூலியை எண்ணிக் கொடுத்தபோது அவர் சிரித்தார்: "குற்றியலுகரம் எனக்கு இன்னும் விளங்கேல்லை, சேர்."