முன்றிலில் ஒரு வண்டித் தடம்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குச் சில கிலோமீட்டர் மேற்கே, ஒரு தோட்டத்து வீட்டின் சீரமைப்புப் பணி பதினாறு மாதங்களுக்குப் பின் முடியும் நிலைக்கு வந்தது. சுவரும் கூரையும் தரையும் முடிந்துவிட்டன. மீதமிருந்தது வீட்டின் முன்பக்கம் மட்டுமே. கேட்டிலிருந்து திண்ணை வரை 60 அடி நீளமும் 32 அடி அகலமும் கொண்ட வெறும் மண்தரை அது. வீட்டுக்குள் எழுந்த எல்லாக் கேள்விகளுக்கும் ஓரிரு நாளில் விடை கண்ட குடும்பம், இந்த மண்தரைக்கு விடை காண ஏழு வாரம் எடுத்துக்கொண்டது.

வீட்டின் உரிமையாளர் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதியில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் மிகுதி. அங்குள்ள தமிழ்வழிப் பள்ளி ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இலக்கணம் கற்பித்தவர் அவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் அவருடைய வலப்பக்கத்தைத் தாக்கியது. மகள் பெற்றோர் இருவரையும் பெங்களூரில் தன் நான்காம் மாடிக் குடியிருப்புக்கு அழைத்துச் சென்றார். அங்கே பேச்சு மெல்லத் திரும்பியதும் ஆசிரியர் கேட்டது ஒன்றுதான்: வீட்டுக்குப் போக வேண்டும். சீரமைப்பு தொடங்கியது அதற்காகவே.

வேலை தொடங்கியபோது வீடு நோயுற்றிருந்தது. மண்சுவர்களின்மேல் எப்போதோ பூசிய சிமென்ட், உள்ளே ஏறிய ஈரத்தை வெளியே விடாமல் பிடித்துவைத்திருந்தது. அதை முழுவதும் செதுக்கி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு பூசினார்கள். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கித் திரும்ப வெளிவிடும்; மண்சுவர் பிழைத்திருக்க அது போதும். கூரையில் செல்லரித்த பனங்கைகளை மட்டும் மாற்றினார்கள். 1865இல் பாசல் மிஷன் மங்களூரில் தொடங்கிய ஆலையால் தென்னிந்தியா எங்கும் பரவிய அந்தச் சிவப்பு ஓடுகளில், பாதிக்கு மேல் கழுவித் திரும்ப ஏற்றும் நிலையில் இருந்தன. குளியலறைக் கதவு மட்டும் புதிது. வாக்கரோடு ஒருவர் நுழைய 90 சென்டிமீட்டர் அகலம். எதை மாற்றுவது, எதை விடுவது என்ற கேள்வி எழுந்தபோதெல்லாம் அவருடைய வாக்கரே அளவுகோலாக இருந்தது.

முன்பக்கத்தில் அந்த அளவுகோல் குழம்பியது.

மேஸ்திரி கொடுத்த மதிப்பீட்டுத் தாளில் கடைசி வரி மலையாளத்தில் இருந்தது: முற்றம், இன்டர்லாக், 1,920 சதுர அடி. இந்த வரியிலேயே ஒரு மொழிச்சிக்கல் இருந்ததை ஆசிரியர் கவனித்தார். மலையாளத்தில் முற்றம் என்றால் வீட்டுக்கு முன்னுள்ள வெளியிடம். தமிழில் பல வட்டாரங்களில் அது வீட்டுக்குள் வானம் பார்த்த இடம். ஆசிரியரின் மனைவிக்கோ அந்த மண்தரை 'வாசல்'. தினமும் தெளிப்பதும் கோலமிடுவதும் அங்கேதான். பெங்களூரில் வாழும் மகள் அதை 'டிரைவ்வே' என்றார். அந்தச் சொல்லுக்குரிய பொருள் அந்த வீட்டில் அதுவரை இருந்ததில்லை; வண்டி வந்தால் கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் நிற்கும். பெயர் மாறியபோது இடத்தின் உரிமையும் மாறியது. முற்றம் நெல்லுக்கும் வாசல் கோலத்துக்கும் உரியது என்றால், டிரைவ்வே வண்டிக்கு உரியது.

மகளின் வாதம் எளிதில் தள்ளக்கூடியது அன்று. பக்கவாதம் வந்த இரவில், மழையில் குழைந்த மண்ணில் வண்டியின் சக்கரம் புதைந்தது. நாற்காலியோடு தந்தையைக் கேட் வரை தூக்கிச்சென்ற இருவரில் ஒருவர் சறுக்கினார். மூளைக்கு இரத்தம் தடைப்படும் நோயில் ஒவ்வொரு நிமிடமும் எண்ணிப் பார்க்கத்தக்கது. "அன்னிக்குக் கல்லு போட்டிருந்தா அப்பாவோட கை இப்படி ஆகியிருக்காதோ என்னவோ" என்று ஒருமுறை சொன்னார். அதற்கு வீட்டில் யாரிடமும் பதில் இல்லை.

தாயின் வாதம் கிணற்றைப் பற்றியது. கேரளத்தின் சராசரி ஆண்டு மழை ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் என்றாலும் பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கோரத்தில் உள்ள சித்தூர் பெறுவது அதைவிட மிகக் குறைவு. இந்த வட்டாரத்தின் நிலத்தடி நீர், ஊறுவதைவிட அதிகமாக எடுக்கப்படுவதாக மத்திய நிலத்தடி நீர் வாரியம் 2017 மதிப்பீட்டில் வகைப்படுத்தியிருந்தது. 2002இல் தண்ணீருக்காகப் போராட்டம் தொடங்கிய பிளாச்சிமடை இதே வட்டத்தில்தான் உள்ளது. வயலுக்குப் பரம்பிக்குளம்–ஆழியாறு வாய்க்கால் நீர் வரும், குடிக்கக் கிணறுதான். சித்திரையில் அந்தக் கிணற்றில் மூன்றடித் தண்ணீர் நிற்பதை நாற்பது ஆண்டுகளாகப் பார்த்தவர் அவர். "வாசல மூடிப்போட்டு, மழத்தண்ணிக்கு எந்தப் பக்கம் போறதுன்னு நீயே சொல்லு கண்ணு" என்றார் மகளிடம்.

கணக்கு அவர் பக்கமே இருந்தது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். அந்த முன்பக்கம் ஏறத்தாழ 180 சதுர மீட்டர். 10 மில்லிமீட்டர் மழைக்கு 1,800 லிட்டர். மண்தரையில் அதில் ஒரு பங்கேனும் இறங்கும். இன்டர்லாக் கற்களின் இடுக்கிலும் நீர் இறங்கும் என்றார் மேஸ்திரி. அது பொய்யன்று. ஆனால் அடியில் பாறைப்பொடியை இறுக்கித் திமிசு போட்டபின், இடுக்குகளில் சில பருவங்களில் தூசு அடைத்தபின், இறங்குவது சொற்பம். அதைவிட முக்கியமானது சாய்வு. தண்ணீர் தேங்கக் கூடாது என்பதற்காகச் சாலையை நோக்கிச் சாய்வு கொடுப்பதே தொழில் வழக்கம். எந்தக் கல் என்ற விவாதத்தில் மூவரும் மூழ்கியிருந்தபோது, நீரின் போக்கைத் தீர்மானிக்கும் அந்தச் சாய்வைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

ஒரு சமரசமாகச் சரளைக்கல் பரப்பலாம் என்ற யோசனை வந்தது. நீர் இறங்கும், வண்டியும் புதையாது, பார்க்கவும் அழகு. மகள் ஏறத்தாழ இசைந்துவிட்டார். தந்தையை அழைத்துவந்து காட்டிய அன்று, மேஸ்திரி ஒவ்வொன்றிலும் பத்தடி மாதிரி போட்டு வைத்திருந்தார். ஆசிரியர் வாக்கரோடு ஒவ்வொன்றிலும் நடந்து பார்த்தார். சரளையில் முன்சக்கரம் இரண்டாம் அடியிலேயே புதைந்தது. இன்டர்லாக்கில் உருண்டது, ஆனால் ஒவ்வோர் இடுக்கிலும் தடதடத்து, உணர்ச்சி குறைந்த வலக்கை பிடியிலிருந்து நழுவியது. சாணி மெழுகிய பழைய மண்தரையே எல்லாவற்றிலும் மென்மையாக இருந்தது. மழை வரும்வரைதான் அது என்பது அவருக்கும் தெரியும்.

பிறகு திண்ணையில் அமர்ந்து, சொற்களைத் தேடித்தேடி அவர் சொன்னது யாருடைய வாதத்திலும் இல்லாத ஒன்று. "வண்டி திண்ண வரைக்கும் வந்துட்டா, நான் எதுக்குச் சாமி நடக்கணும்?"

இயன்முறை மருத்துவர் நாள்தோறும் நடக்கச் சொல்லியிருந்தார். நான்காம் மாடியில் அவர் நடந்தது கூடத்துக்கும் படுக்கையறைக்கும் இடையே. இங்கே கேட் வரை நடந்தால் தபால்காரரைப் பார்க்கலாம். சாலையில் போகும் பழைய மாணவர் யாரேனும் நின்று பேசுவார். முன்பக்கத்தை வண்டியின் வழியாகவே எல்லாரும் கண்டார்கள். அது அவருடைய வழி என்பதை அவர்தான் நினைவூட்ட வேண்டியிருந்தது. ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் இலக்கணப் போலி நடத்தும்போது 'இல்முன்' என்பது 'முன்றில்' என நிற்பதை எடுத்துக்காட்டாகக் கூறியவர் அவர். வீட்டுக்கு முன் என்பதே அச்சொல்லின் பொருள். அங்கே வண்டி நிற்கலாகாது என்று எந்த நூற்பாவும் இல்லை; ஆனால் மனிதர் நிற்க இடம் வேண்டும்.

அந்த ஒரு கேள்விக்குப் பிறகு முடிவு விரைவாக அமைந்தது. முழுத்தரைக்குப் பதிலாக இரண்டு கருங்கல் தடங்கள். பெரும்பாலான கார்களில் இடது, வலது சக்கரங்களுக்கு இடைவெளி ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். ஒவ்வொரு தடமும் 75 சென்டிமீட்டர் அகலம் இருந்தால் சற்றுக் கூடுதல் குறைவான வண்டியும் ஏறும். அவசரத்துக்கு ஆம்புலன்ஸும் திண்ணை வரை வரும். அதே 75 சென்டிமீட்டரில் ஒரு வாக்கரும் தாராளமாகச் செல்லும். இரண்டுக்கும் நடுவே 75 சென்டிமீட்டர் மண் அப்படியே இருக்கும். 60 அடிக்கு இரண்டு தடங்களும் சேர்ந்து 27 சதுர மீட்டர்; மொத்தப் பரப்பில் நூற்றுக்குப் பதினைந்து மட்டுமே. கற்களில் ஒரு பகுதி இடிந்த மாட்டுக்கொட்டகைத் தரையிலிருந்து கிடைத்தது. மெருகிட்ட கல் மழையில் வழுக்கும் என்பதால் மீதியையும் கொத்திய கல்லாகவே வாங்கினார்கள். சக்கரம் சிக்காதபடி இடுக்குகள் ஒரு சென்டிமீட்டருக்குள். சிமென்ட் இல்லை, மணல் படுகை மட்டும்.

திண்ணையின் உயரம் 45 சென்டிமீட்டர். ஓரடி ஏற்றத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்ற சரிவுப்பாதை விதிப்படி 5.4 மீட்டர் நீளம் தேவைப்பட்டது. அதைத் திண்ணையின் பக்கவாட்டில் கைப்பிடியோடு அமைத்ததால் கோலமிடும் இடம் தப்பியது. தரையின் சாய்வைச் சாலைக்கு எதிராகத் திருப்பி, நீர் கிணற்றுக்குச் சற்றுத் தள்ளிய ஓர் ஊறுகுழிக்குப் போகும்படி செய்தார்கள். கூரைநீரை மட்டும் வடிகட்டி நேரே கிணற்றில் விட்டார்கள். திருச்சூர் மாவட்டத்தில் 2008இல் தொடங்கிய 'மழைப்பொலிமா' திட்டம் பரவலாக்கிய முறை அது.

யாருக்கும் கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. மகள் விரும்பிய தூய்மை இல்லை. ஆனியில் வீட்டுக்குள் சேறு வரத்தான் செய்கிறது. தாயின் கோலத்துக்கு முன்பிருந்த அகலம் இல்லை. மேஸ்திரிக்கு இரண்டு நாள் வேலை இரண்டு வாரமாயிற்று. முதல் பெருமழையில் இடத்தடத்தின் நடுவே மூன்று கற்கள் விரலளவு தாழ்ந்தன. மறுநாள் மேஸ்திரி கடப்பாரையோடு வந்து, கற்களை நெம்பித் தூக்கி, அடியில் மணல் நிரப்பித் திரும்ப வைத்தார். அரைமணி நேரத்தில் முடிந்தது.

ஆசிரியர் திண்ணையில் அமர்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய காலடியில் கேட் வரை எண்பத்தாறு அடிகள். வந்த முதல் வாரம் முப்பதாவது அடியில் நாற்காலி போடச் சொன்னார். ஆடிக்காற்று தொடங்கியபோது நாற்காலி அறுபதாவது அடிக்கு நகர்ந்திருந்தது. அங்கிருந்து சாலையில் போவோரின் முகம் தெரிகிறது. பெயர் சொல்லி அழைக்க மட்டும் குரல் இன்னும் எட்டவில்லை.