பஸ் ஜன்னலில் தெரியும் குளம்

"கன்னியாகுமரியா? செம்ம ஊருடா!"

ஹாஸ்டலில் சேர்ந்த முதல் நாளிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அடுத்த கேள்வி எப்பவும் ஒன்றுதான். "அப்ப டெய்லி சன்ரைஸ் பார்ப்பியா?" உண்மையைச் சொன்னால், இந்த 21 வருஷத்தில் மூன்று தடவைதான் பார்த்திருக்கிறேன். அதிலும் இரண்டு தடவை மேகம் மூடிக்கிச்சு. எங்கள் வீடு கடற்கரையில் இல்லை. தேரூருக்கும் சுசீந்திரத்துக்கும் நடுவில், வயலைப் பார்த்த ஒரு தெருவில் இருக்கிறது. ஆனா "தேரூர்"னு சொன்னால் யாருக்குத் தெரியும்? அதனால நானும் "ஆமா, கன்னியாகுமரி"ன்னே சொல்லிப் பழகிட்டேன்.

இந்தப் பொங்கல் லீவுக்கு ரூம்மேட்ஸ் மூன்று பேர் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஒருத்தன் சென்னை, ஒருத்தன் கோவை, ஒருத்தன் திண்டுக்கல். பெயர் போட்டால் அடிப்பானுங்க, அதனால ஊர்ப் பெயரே போதும். எக்ஸாம் முடிந்த அன்றே வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்து, "டூர் கைடு" என்று என்னை அட்மின் ஆக்கிவிட்டார்கள். மூன்று நாள் பிளான் போட்டேன். முதல் நாள் கன்னியாகுமரி, இரண்டாம் நாள் மாத்தூர் தொட்டிப்பாலமும் திற்பரப்பு அருவியும், மூன்றாம் நாள் முட்டம் பீச். கூகுளில் தேடினால் யாருக்கும் கிடைக்கிற பிளான்தான். அந்த ஊர்க்காரன் போட்டது மாதிரி அதில் ஒரு இடம்கூட இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

முதல் நாள் காலை. நாகர்கோவிலில் இருந்து கன்னியாகுமரி பஸ். சுசீந்திரம் தாண்டும்போது கோவைக்காரன் திடீரென்று ஜன்னலில் தலையை நீட்டி, "டேய் பெலிகன்! பெலிகன்டா!" என்று கத்தினான். கண்டக்டரே திரும்பிப் பார்த்தார். அவன் போட்டோகிராபி கிளப் ஆள். ரோட்டை ஒட்டின குளத்தில் பெரிசு பெரிசாக ஏழெட்டு வெள்ளைப் பறவைகள், தாடைக்குக் கீழே பையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மிதந்தன.

"உங்க ஊர்ல இது இருக்குன்னு ஏன்டா சொல்லல?"

நான் என்ன சொல்ல? பன்னிரண்டு வருஷம் ஸ்கூல் பஸ் அந்தக் குளத்தைத் தாண்டித்தான் போனது. எனக்கு அது "ஸ்கூல் வர இன்னும் பத்து நிமிஷம்" என்பதற்கான அடையாளம். மற்றபடி தண்ணி, தாமரை, கொக்கு, அவ்வளவுதான். வெள்ளையாக இருந்தால் கொக்கு, கறுப்பாக இருந்தால் காக்கா. ஆப்பிரிக்காவில் வில்டபீஸ்ட் கூட்டம் ஆறு தாண்டுவதை டிவியில் பார்த்து ஸ்கூலில் இங்கிலீஷ் எஸ்ஸே எழுதி ப்ரைஸ் வாங்கினவன் நான்.

கன்னியாகுமரியைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. படகுக்கு நீளமான க்யூ, விவேகானந்தர் பாறை, 133 அடி வள்ளுவர், இரண்டுக்கும் நடுவில் 2024 டிசம்பர் கடைசியில் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலம், அதில் சென்னைக்காரன் எடுத்த பதினோரு ரீல்ஸ். மறுநாள் மாத்தூர். 115 அடி உயரத்தில் 28 தூண்களின் மேல் தண்ணீர் போகிற பாலம் அது. நாங்கள் நாலு பேரும் சிவில் என்பதால் அங்கே மட்டும் ஒரு மணி நேரம் நின்றோம். திற்பரப்பில் அருவியைவிடக் கூட்டம்தான் அதிகம் கொட்டியது. "ஊர்ல புலி இருக்கா?" என்று திண்டுக்கல்காரன் கேட்டான். இருக்கு. மாவட்டத்தின் வடக்கே 2008-ல் அறிவித்த கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயத்தில் யானை, சிறுத்தை, புலி, சிங்கவால் குரங்கு எல்லாமே உண்டு. ஆனா அது மூன்று நாள் டூரில் பார்க்கிற விஷயம் இல்லை.

இரண்டாம் நாள் ராத்திரி மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கோவைக்காரன் சொன்னான். "நாளைக்கு முட்டம் வேணாம். அந்தக் குளம் போலாம்." பக்கத்தில் கட்டிலில் படுத்திருந்த பாட்டா இதைக் கேட்டுவிட்டார். (எங்கள் பக்கம் தாத்தாவைப் பாட்டா என்போம். சென்னைக்காரன் முதல் நாள் பாட்டியைத் தேடினான்.)

"கொளத்துக்கா? அப்பம் விடியக்காலம் போணும் மக்ளே. நானும் வாறேன்."

காலை ஆறு மணிக்குத் தேரூர் குளக்கரையில் நின்றோம். பனி முழுசாக விலகவில்லை. முதலில் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு கண் பழகப் பழக ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தது. தாமரை இலை மேல் நீளமான விரல்களை அகட்டி அகட்டி நடந்த இலைக்கோழி. நெத்தியில் வெள்ளை நாமம் போட்ட நாமக்கோழி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே முங்கி எங்கேயோ போய் எழும் முக்குளிப்பான். கோழி அளவில், நீலமும் ஊதாவும் கலந்து, சிவப்பு மூக்கோடு நீலத் தாழைக்கோழி. தூரத்தில் ஊசி மாதிரி வால் நீண்ட வாத்துக் கூட்டம். ஊசிவால் வாத்து என்றே அதற்குப் பெயர். வடக்கே, நாம் மேப்பில் மட்டும் பார்க்கிற குளிர் நாடுகளில் இருந்து பனிக்காலத்துக்கு இங்கே வந்து, வெயில் ஏறியதும் திரும்பிவிடும்.

எனக்கு இந்தப் பெயர் எல்லாம் எப்படித் தெரியும்? தெரியாது. கோவைக்காரன் போனில் ஒரு ஆப் வைத்திருந்தான். அது இங்கிலீஷ் பெயர் சொல்லும். நான் "ஜகானா", "கூட்" என்று படிக்கப் படிக்க, பாட்டா அவருக்குத் தெரிந்த பெயரைச் சொல்வார். அவருக்கும் தெரியாததை வீட்டுக்கு வந்து தேடிக் கண்டுபிடித்தேன். கவிமணி பிறந்த ஊர் இது. குழந்தைகளுக்கு அவ்வளவு பாட்டு எழுதியவர். குளத்திலிருந்து நடக்கிற தூரத்தில் ஊர். நான் யூகேஜியில் படித்தது லண்டன் பாலம் இடிந்து விழுகிற பாட்டு. அதற்கு யாரையும் குறை சொல்லவில்லை. அப்பா அம்மா கஷ்டப்பட்டுத்தான் அந்த ஸ்கூலில் சேர்த்தார்கள். ஆனா கண் முன்னால் நிற்கிற பறவையின் பெயரை என் பாஷையில் போனில் தேட வேண்டியிருந்தது, கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

பெயரில் இன்னொரு கூத்து. "குளம்னு சொன்னே, இது ஏரிடா" என்று சென்னைக்காரன் சண்டைக்கு வந்தான். எங்கள் நாட்டில் இவ்வளவு பெரிசும் குளம்தான். தானாக உண்டான குளமும் இல்லை, பாசனத்துக்கு மனுஷன் கரை கட்டி வைத்தது. மூன்றாம் வருஷம் இர்ரிகேஷன் பேப்பரில் ஸ்லூஸ், சர்ப்ளஸ் வெய்ர் என்று மனப்பாடம் செய்து ஏ கிரேடு வாங்கினேன். பாட்டா கைத்தடியால் காட்டினார். "இது மடை. அங்ஙன தெரியுதுல்லா, அது மறுகால்." இரண்டு நிமிஷத்தில் முழு யூனிட்டும் முடிந்தது.

2022-ல் சுசீந்திரம் தேரூர் குளங்களை ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். 1971-ல் ஈரானின் ராம்சார் நகரத்தில் போட்ட ஒப்பந்தத்தின்படி, உலக அளவில் முக்கியமான நீர்நிலைகளின் பட்டியல் அது. எங்களுக்கு 94 ஹெக்டேர் சொச்சம். அதே வருஷம் இந்த மாவட்டத்தின் வேம்பனூர் குளத்துக்கும் இடம் கிடைத்தது. தமிழ்நாட்டில் இப்போது இப்படி 20 இடங்கள், இந்தியாவிலேயே நாம்தான் முதல். இதைக் கரையில் நின்று நான் பெருமையாக வாசித்துக் காட்டினேன். எல்லாருக்கும் சந்தோஷம்.

அப்போதுதான் திண்டுக்கல்காரன் அந்தக் கேள்வியைக் கேட்டான். அவன் குளத்துக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தான். "டேய், சரணாலயம் அந்தப் பக்கம். அப்ப இதுங்க ஏன் இந்தப் பக்கம் நிக்குது?"

ரோட்டுக்கு மறுபக்கம் வயல். கும்பப்பூ பயிர் கதிர் தள்ள ஆரம்பித்திருந்தது. நடுவில் நடாமல் கிடந்த ஒரு துண்டில் கணுக்கால் அளவு தண்ணீர். அதில் இருபது முப்பது நாரைகள், அழுக்கு வெள்ளை உடம்பு, கறுப்பு இறக்கை. மூக்கைப் பார்த்தால் சிரிப்பு வரும். மேல் அலகும் கீழ் அலகும் நடுவில் சேராமல், பாக்குவெட்டி மாதிரி இடைவெளி விட்டு நிற்கும். நத்தைகுத்தி நாரை. குஞ்சுக்கு இந்த இடைவெளி கிடையாதாம், வளர வளரத்தான் வரும். ஓட்டுக்குள் இருக்கும் நத்தையை உருவி எடுக்க அந்த அலகு. ஒன்று தலையைத் தண்ணீருக்குள் விட்டுத் துழாவி, நத்தையை எடுத்து, ஓட்டை மட்டும் வரப்போரம் போட்டுவிட்டு நகர்ந்தது. அதை எங்களுக்குப் பத்தடி தூரத்தில் செய்தது.

"கொளம் அதுக்கு வீடு. வயலுதான் சோத்துத்தட்டு" என்றார் பாட்டா. "முன்ன இருந்த நத்தை இப்பம் இல்ல. மருந்தடிச்சுத் தீத்தாச்சு. வயலே இல்லன்னா எங்க போய்த் திங்கும்?"

நான் படித்த 94 ஹெக்டேரில் இந்த வயல் வராது. இது ஒவ்வொருத்தர் பட்டா நிலம். பறவைக்கு அது தெரியாது. அது மட்டுமில்லை, இந்த வயலுக்குத் தண்ணீர் விடத்தான் குளமே வெட்டினார்கள். வயல் எல்லாம் போய்விட்டால் மடையை யார் திறப்பார்கள், யார் தூர் வாரச் சொல்லி மனு கொடுப்பார்கள்? கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ விளைந்ததால்தான் இந்த ஊருக்கு இத்தனை குளம். நாஞ்சில் என்றாலே கலப்பை. கலப்பை இல்லாத நாஞ்சில் நாட்டில் குளம் எதற்கு என்று ஒரு நாள் யாராவது கேட்கத்தான் செய்வார்கள்.

நாரைகள் நின்ற துண்டுக்கு அடுத்த துண்டில் செம்மண் அடித்து மேடாக்கியிருந்தது. கல் நட்டு, கயிறு கட்டி, வரிசையாக ரோஸ் கலர் கொடி. கோவைக்காரன் போட்டோ எடுக்கும்போது, "ச்சே, ஃபிரேம்ல இது வருதுடா. எவன்டா இங்க பிளாட் போட்டான்?" என்று திட்டினான்.

பாட்டா ஒன்றும் பேசவில்லை. நான்தான் சொன்னேன். "அது எங்க வயல்டா."

நாற்பத்திரண்டு சென்ட். எனக்கு அட்மிஷன் கிடைத்த வருஷம் விற்றது. ஃபர்ஸ்ட் இயர் ஃபீஸ், ஹாஸ்டல், நான் இதை டைப் செய்துகொண்டிருக்கிற லேப்டாப் எல்லாம் அதிலிருந்து வந்ததுதான். விற்கும்போது யாரும் அழவில்லை. விவசாயத்தில் கை நஷ்டம், நடவுக்கு ஆள் இல்லை, பாட்டாவுக்கு முட்டுவலி, அப்பாவுக்குக் கடை. பாட்டாவே, "கொடுத்துரு, பய படிக்கட்டும்" என்றாராம். வாங்கினவரிடமிருந்து இன்னொருத்தர் வாங்கி லே-அவுட் போட்டார். நாங்கள் விற்றது வயலாகத்தான். அது ஒரு சமாதானமா என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் யாரும் கலாய்க்கவில்லை. திரும்பி வரும் வழியில் கடையில் சாயாவும் ரசவடையும். பாட்டா மூன்று பேருக்கும் மட்டிப்பழம் வாங்கிக் கொடுத்தார். மத்தியானம் மணக்குடிக்குப் போனோம். பழையாறு கடலில் சேரும் இடம். 2004 சுனாமியில் பாலம் அடித்துப் போன ஊர். காயலோரம் அலையாத்தி மரங்கள், பக்கத்தில் புத்தளம் உப்பளம். பூநாரை வரும் என்று சொல்லிக் கூட்டிப்போனேன். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை, உள்ளான் கூட்டம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. என் கைடு வேலை அத்தோடு முடிந்தது.

நீங்கள் யாராவது வருவதாக இருந்தால், மார்கழி தை மாசம் வாங்க. காலை ஆறிலிருந்து எட்டு. குளத்தைப் பார்க்க டிக்கெட் கவுன்டர் எதையும் நான் பார்த்ததில்லை. பைனாகுலர் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், ஸ்பீக்கரை ஊரிலேயே வைத்துவிட்டு வாங்க. ஐந்து நிமிஷமாவது குளத்துக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள்.

இன்னொரு விஷயம். எங்கள் மாமா அதே லே-அவுட்டில் ஐந்து சென்ட் வாங்கியிருக்கிறார். அவருக்கு சொந்த வீடு இல்லை, இருபது வருஷம் வாடகை. பொங்கலன்று எல்லார் முன்னாலும், "என் மருமகன்தான் பிளான் போடப் போறான்" என்று சொல்லிவிட்டார். என் முதல் பிளான். ஹாஸ்டலுக்கு வந்ததும் ஆட்டோகேடில் திறந்தேன். பவுண்டரி போட்டேன், வடக்கு அம்புக்குறி போட்டேன். செப்டிக் டேங்க் எங்கே வைப்பது என்று யோசிக்கும்போது நின்றுவிட்டது. ஐப்பசியில் அங்கே தண்ணீர் எது வரைக்கும் ஏறும் என்று எனக்குத் தெரியும். சின்ன வயசில் அந்த இடத்தில் இடுப்பளவு தண்ணீரில் விளையாடியிருக்கிறேன்.

போன வாரம் மாமா போன் பண்ணினார். தண்ணீர் விஷயத்தைச் சொன்னேன். "எல்லாவனும் நாலடி மண்ணடிச்சிட்டுத்தான் மக்ளே கெட்டுகான்" என்றார். நத்தைகுத்தி நாரையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. வாடகை வீட்டில் இருக்கிறவரிடம் அதை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

மழைக்கு முன்னால் வானம் தோண்ட வேண்டுமாம். எங்கள் ஊரில் அஸ்திவாரக் குழிக்கு வானம் என்றுதான் பெயர். மே மாசத்துக்குள் பிளான் கேட்கிறார்.