கீழ்த்தட்டு

மே 6, 2024

காலையில் காபிக்கு வைத்த பால் திரிந்தது. இரண்டாவது பாக்கெட்டும் திரிந்தது. பிரிட்ஜின் மேல் அறையில் ஐஸ் கல்லாக இருக்கிறது, விரல் ஒட்டுகிறது. கீழே தயிர் பொங்கி, கொத்தமல்லி அழுகிக் கிடக்கிறது. பொங்கல் தள்ளுபடியில் வாங்கிய இரட்டைக் கதவுப் பெட்டி, நான்கு மாதம்கூட ஆகவில்லை. 19 வருஷம் உழைத்த பழையதை எக்ஸ்சேஞ்சில் 2,000 ரூபாய்க்குத் தள்ளிவிட்டோம். வண்டியில் ஏற்றும்போது அம்மா அதன் கதவைத் தடவிக்கொடுத்தாள். அன்றைக்கு நான் சிரித்தேன்.

கஸ்டமர் கேர் பெண் சொன்னாள்: "ஸ்விட்சை ஆஃப் பண்ணி, கதவைத் திறந்து ஒரு நாள் விடுங்க மேடம். 48 மணி நேரத்துல ஆள் வருவாங்க." அம்மாவின் இன்சுலின் குப்பிகளை எதிர்வீட்டு பிரிட்ஜில் கொடுத்துவைத்தேன். மதுரையில் கத்திரி வெயில். குப்பியை வெளியே வைக்க மனசு வரவில்லை.

மே 9

ஆள் வந்தான். இருபத்திரண்டு வயசு இருக்கும். நேற்றுச் சாயங்காலம்தான் திரும்பப் போட்டிருந்தேன். பெட்டி சமர்த்தாக ஓடியது.

"நல்லாத்தானக்கா கூலிங் ஆகுது?"

"மூணு நாளைக்கு முன்னாடி வந்திருக்கணும் தம்பி."

சூடாக எதையாவது உள்ளே வைத்தீர்களா, கதவை அடிக்கடி திறப்பீர்களா, ஸ்டெபிலைசர் இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டான். எனக்கே என்மேல் சந்தேகம் வந்தது. கடைசியில், "போனுக்கு ஓ.டி.பி. வந்துருக்கும், சொல்லுங்கக்கா" என்றான். சொன்னேன். அவன் தெருமுனை தாண்டுவதற்குள் குறுஞ்செய்தி வந்தது: உங்கள் புகார் தீர்க்கப்பட்டது.

மே 10

ஓடுகிறது. குப்பிகளைத் திரும்ப வாங்கிவந்தேன்.

மே 17

மறுபடியும் அதே கதை. மேலே கல், கீழே வெதுவெதுப்பு. இரவு முழுக்க அணைத்துவைத்து நானே தண்ணீரைத் துடைத்தேன். காலையில் போட்டபோது குமிழை 3-லிருந்து 7-க்குத் திருகினேன். இனி எப்படிக் குளிராமல் போகிறது, பார்ப்போம். கதவுப் பக்கம் சீக்கிரம் சூடாகிறது என்று குப்பிகளைப் பின்சுவரை ஒட்டி நகர்த்தினேன். புதிய புகார் எண் வாங்கியாயிற்று.

மே 20

கஸ்டமர் கேர் லைனில் 25 நிமிஷம் புல்லாங்குழல். நடுவில் அம்மா வந்து, "மருந்துல திப்பி திப்பியா கெடக்கு பாப்பா" என்றாள். நல்லா உருட்டிட்டுப் போடுங்கம்மா என்று கையைக் காட்டினேன்.

மே 24

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பிரிட்ஜ் கதையை எடுத்தேன். எடுத்திருக்கக் கூடாது. ஆபீஸில் யார் வீட்டில் எது பழுது என்று கேட்டால் போதும், கோப்பு நகராது.

கேஷியர் வீட்டு மிக்சி 23 வருஷமாக ஓடுகிறதாம், பிளேடு மட்டும் இரண்டு தடவை மாற்றினாராம். தட்டச்சர் அக்கா வாங்கிய வாஷிங் மெஷினில் முதல் வாரமே தண்ணீர் ஒழுகியது. கடைக்காரன் "கம்பெனியைக் கேளுங்க" என்றான், கம்பெனி "டீலரைக் கேளுங்க" என்றது. நடுவில் அவள் கையால் துவைத்தாள். எங்கள் அலுவலக உதவியாளர் அமைதியாகச் சொன்னார்: "2011-ல கவர்மெண்டு கொடுக்க ஆரம்பிச்சதே, அந்த கிரைண்டர்ல இன்னிக்கும் எங்க வீட்ல மாவாட்டுறோம்." விலையில்லா கிரைண்டரின் முன் விலைகொடுத்த நாங்கள் எல்லோரும் வாயடைத்தோம்.

சட்டம் தெரிந்த ஒருவர் எல்லா ஆபீஸிலும் இருப்பார். எங்களவர் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே விளக்கினார். முதலில் 1915-க்குப் போன் போடு. அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீ குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். "ஆனா ஆதாரம் வேணும். பில்லு, வாரண்டி அட்டை, தேதி, டெம்பரேச்சர். நீ சொன்னா எவன் நம்புவான்?"

மே 30

அம்மாவுக்குச் சர்க்கரை 346. டாக்டர் சீட்டைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "மாம்பழ சீசன் போலிருக்கே?"

"ஒரு கீத்துகூடத் தின்னல சாமி."

டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். காலையில் ஆறு யூனிட், ராத்திரி ஆறு யூனிட் கூட்டி எழுதினார். ஆட்டோவில் வரும்போது வேறு நன்றாகத் திட்டினேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து சேலை மாற்றும்போது தனக்குத்தானே, "சத்தியமாத் தின்னல" என்றாள்.

ஜூன் 4

ஆள் வருவதாக இருந்தது. தேர்தல் முடிவு நாள், வரவில்லை.

ஜூன் 8

தெர்மாமீட்டர் வாங்கினேன், 180 ரூபாய். இரவு 10, 2.30, காலை 6. மூன்று வேளையும் கீழ்த்தட்டின் அளவைக் குறித்துப் போட்டோ எடுத்துவைக்கப் போகிறேன். பழைய குப்பிகள் தீர்ந்துவிட்டன, மருந்துக்கடையில் புதுசு ஒன்று. இந்தப் பெட்டியை நம்பி வைப்பதாக இல்லை. பிரித்த குப்பியைச் சூடுபடாத இடத்தில் நாலு வாரம் வெளியே வைக்கலாம் என்றார் கடைக்காரர். அம்மா ஈர மணல் கொட்டிய மண்சட்டிக்குள் சின்ன டம்ளரை இறக்கி, அதில் வைத்தாள்.

ஜூன் 9

10 மணி: 14. 2.30: 16. காலை 6: 17. அருமையான ஆதாரம்.

ஜூன் 11

2.30-க்கு அலாரம். தெர்மாமீட்டரை எடுக்க அடுப்படிக்குப் போனால் அங்கே இருட்டில் அம்மா தரையில் உட்கார்ந்திருக்கிறாள். விளக்கைப் போட்டேன். ஜாக்கெட் நனைந்து முதுகோடு ஒட்டியிருக்கிறது. கை நடுக்கம். என்னைப் பார்த்து, செத்துப்போன சித்தியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். விரலைக் குத்திப் பார்த்தேன்: 48. சர்க்கரை மூன்று கரண்டி, தண்ணீரில் கலக்கிப் புகட்டினேன். பாதி மேலே சிந்தியது. கால் மணி நேரம் கழித்து 83. அப்புறம் தெளிந்து, "மூணு நாளா ராத்திரி இப்படித்தான் வேர்க்குது. கத்திரி முடிஞ்சும் வேக்காடுன்னு நெனச்சேன்" என்றாள்.

அலாரம் வைத்தது பிரிட்ஜுக்கு.

தட்டின் அளவைக் குறிக்க மறந்துவிட்டேன்.

ஜூன் 12

டாக்டர் போனில் பழைய அளவுக்கே குறைத்துவிடச் சொன்னார். பிறகு, "முன்னாடி போட்ட குப்பியை எப்படி வெச்சிருந்தீங்க?" என்று கேட்டார்.

"பிரிட்ஜ்லதான் சார்."

"உறைஞ்சிருந்துச்சா? உறைஞ்சா வீரியம் போயிரும். கலங்கல் மருந்துன்னா திப்பி திப்பியா தெரியும். அதுக்கு டோஸைக் கூட்டிட்டு, நல்ல மருந்து போட்டா இப்படித்தான் கீழ இறங்கும்."

பிரிட்ஜில் கோளாறு சார் என்றேன். அது பொய்யில்லை.

ஜூன் 15

ஆணையத்துக்கு மனு எழுத உட்கார்ந்தேன். வாங்கிய தேதி, விலை, இரண்டு புகார் எண்கள், தீர்க்காமலே தீர்த்ததாக முடித்த தேதி, கெட்ட பால், கெட்ட மருந்து, மன உளைச்சல். மே 17-ஐ எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மூன்று முறை கிழித்தேன்.

ஜூன் 20

இந்த முறை வந்தவர் பெரியவர், காதோரம் நரை. பெட்டியை அணைக்காமல் ஓடவிட்டிருந்தபோதே வந்ததால் கோளாறு தப்பவில்லை. மேல் அறையின் பின்பலகையைக் கழற்றியதும், உள்ளே காயில் முழுக்கச் சுண்ணாம்புச் சுவர் மாதிரி பனி.

"இந்தப் பெட்டியில குளிர் பொறக்குறது மேலதான். ஃபேன்தான் கீழ தள்ளுது. காயில்ல படியுற பனியை உருக்க அப்பப்ப ஹீட்டர் ஓடணும். ஓடல. பனி அடைச்சிருச்சு, காத்து இறங்கல. ஆஃப் பண்ணுனா உருகிரும், ஒரு வாரம் நல்லாருக்கும். அன்னிக்கு வந்தவனுக்கு எப்படித் தெரியும்?"

ஹீட்டர், சென்சார் இரண்டையும் மாற்றினார். வாரண்டி, காசில்லை. மூடும்போது டார்ச்சை உள்ளே அடித்துப் பார்த்தார்.

"கொமிழை ஏழுல யாரு வெச்சது? பனி உருகின புதுசுல இப்படி வெச்சா, பின்னாடி காத்து வர்ற ஓட்டை பக்கத்துல இருக்குறதெல்லாம் உறைஞ்சுரும்."

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா கூடத்திலிருந்து, "நாந்தான் தம்பி. தெரியாமத் திருகிட்டேன்" என்றாள்.

பெட்டி ஸ்டாண்டின் மேல் நிற்கிறது. குமிழ் உள்ளே உச்சியில். தோள் இறுகிய இரண்டு வருஷமாக அம்மா தலைமுடியைக்கூட என்னிடம்தான் கொடுத்து முடிந்துகொள்கிறாள்.

அவர் ஓ.டி.பி. கேட்டார். ஒரு வாரம் ஓடட்டும், அப்புறம் சொல்கிறேன் என்றேன். "அது வந்தாத்தாம்மா எங்களுக்குக் கணக்கு" என்று கொஞ்ச நேரம் வாசலில் நின்றார். போய்விட்டார்.

ஜூன் 22

அந்தப் பெரியவருக்குப் போன் செய்து ஓ.டி.பி. சொன்னேன்.

ஜூன் 27

மனு மேசை இழுப்பறையில் இருக்கிறது. பில் வெளிறத் தொடங்கியதால் ஒரு நகல் எடுத்தேன்.

ஜூன் 30

இரவு 2.30. கீழ்த்தட்டு 5. அம்மா 118.