பதினைந்து வருடங்கள் கழித்து வந்த நீலப்பெட்டி



சமையல் குறிப்பும் பிள்ளை வளர்ப்பும் வாசிக்கிற பக்கத்தில் இவள் என்ன டீ.வி. நாடகத்தைப் பற்றி எழுத வந்திருக்கிறாள் என்று முகம் சுளிக்க வேண்டாம். இதுவும் பிள்ளை வளர்ப்பைப் பற்றியதுதான். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் அங்கே வரவேண்டியிருக்கிறது.

இங்கிலாந்தின் பீ.பீ.ஸி. தொலைக்காட்சியில் 'டொக்டர் ஹூ' என்றொரு விஞ்ஞானக் கற்பனைத் தொடர் உண்டு. அதன் முதல் அங்கம் 1963 நவம்பர் 23ஆம் திகதி ஒளிபரப்பானது. அமெரிக்க ஜனாதிபதி கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டதற்கு மறுநாள் அது. எல்லோரும் அந்தச் செய்தியிலேயே மூழ்கிக் கிடந்ததால், அடுத்த வாரம் முதல் அங்கத்தைத் திரும்பவும் போட்டுவிட்டுத்தான் இரண்டாவதைக் காட்டினார்கள். டொக்டர் என்று மட்டும் அழைக்கப்படும் வேற்றுக் கிரகத்தவர் ஒருவர், நீலநிறப் பொலிஸ் பெட்டியொன்றில் ஏறிக் காலத்தையும் அண்டவெளியையும் கடந்து போவார். வெளியே நின்று பார்த்தால் சிறிய பெட்டி. உள்ளே போனால் மாளிகை. நடிகர் மாறவேண்டி வந்தால், டொக்டர் சாகும் தறுவாயில் புது உடம்பு எடுத்துவிட்டார் என்று சொல்லிச் சமாளித்துக்கொள்வார்கள். கற்பனை வேறு, அகீதா வேறு என்று பிரித்தறியத் தெரிந்த பிள்ளைகளோடு மட்டும் பார்க்க வேண்டிய சங்கதி என்பதையும் இந்த இடத்திலேயே சொல்லி வைக்கிறேன்.

அந்த முதற் கதையை நெறிப்படுத்தியவர் யார் தெரியுமா? லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுஸைன். அப்போது அவருக்கு வயது 24. அவருடைய தாயார்தான் எழுத்தாளர் அத்தியா ஹுஸைன். தயாரிப்பாளராக இருந்தவரோ வெரிட்டி லம்பேர்ட் என்ற 27 வயதுப் பெண். ஆண்களே ஆண்டுகொண்டிருந்த ஓர் அலுவலகத்தில் ஒரு பெண்ணும் ஒரு லக்னோ இளைஞரும் சேர்ந்து தொடக்கி வைத்தது அறுபது வருடங்களையும் தாண்டிப் பேசப்படுகிறது. இது எனக்கு மிகவும் பிந்தித்தான் தெரிய வந்தது. தெரிந்த அன்று, ஏதோ சொந்தக்காரரைக் கண்டுபிடித்தது போல ஒரு சந்தோஷம்.

1984இல் புது மணப்பெண்ணாக லண்டனுக்குப் போன நான் ஆங்கிலத்துக்குக் காது பழக்கிக்கொண்டது இந்தத் தொடரால்தான். செய்தி வாசிப்பவர்களின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. டொக்டரோ யார் வந்தாலும் எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லுவார். அதோடு, சொந்த ஊரை விட்டுவந்து எங்கும் வேர் பிடிக்காமல் திரிகிற ஒருவரை அந்த வயதில் எனக்குப் பிடித்துப்போனதில் புதுமையில்லை. 1989 டிசம்பர் 6ஆம் திகதி, டொக்டர் ஆறிப்போகும் தேநீரைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே தன்னோடு இருந்த பெண்ணுடன் நடந்து போனார். அத்தோடு தொடர் நின்றுவிட்டது. மூத்த மகளுக்கு அப்போது இரண்டு வயது. 1996இல் ஒரேயொரு படம் வந்தது. அதன் பிறகு ஒன்றுமில்லை. மகள் வளர்ந்தது வீடியோ கசெட்டில் இருந்த பழைய கதைகளைப் பார்த்துத்தான்.

2005 மார்ச் 26, சனிக்கிழமை, இரவு 7 மணி. அடுத்த நாள்தான் அங்கே கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்கு வைக்கும் நாள் என்பதால் மஃரிப் நேரத்தோடே முடிந்திருந்தது. இஷாவுக்கு இன்னும் நேரம் இருந்தது. நானும் மகளும் உட்கார்ந்தோம். உண்மையைச் சொன்னால் எனக்குப் பயமாக இருந்தது. பதினைந்து வருடங்களாக மனசுக்குள் பொத்தி வைத்ததை யாராவது வெளியே எடுத்துக் கெடுத்துவிடுவார்களோ என்ற பயம்.

கெடுக்கவில்லை. ரசல் டீ. டேவிஸ் என்பவர் எழுதியிருந்தார். அந்த அங்கத்தின் பெயர் 'ரோஸ்'. தொடங்குவதே டொக்டரில் அல்ல, ரோஸ் என்ற 19 வயதுப் பெண்ணில். தாயோடு லண்டனில் ஒரு தொடர்மாடி வீட்டில் இருக்கிறாள், துணிக்கடையில் வேலை செய்கிறாள். கடையின் நிலவறையில் உடுப்புப் போட்டு நிறுத்தியிருக்கும் பொம்மைகள் உயிர்பெற்று அவளை நெருங்க, முன்பின் தெரியாத ஒருவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுகிறார். அவர்தான் புது டொக்டர், கிறிஸ்டோபர் எக்கிள்ஸ்டன். பழைய டொக்டர்மாரின் ஆடம்பர உடுப்பெல்லாம் இல்லை. ஒரு தோல் ஜக்கெட், ஒட்ட வெட்டிய தலை. எங்களூர்த் துணிக்கடை முதலாளிமார் பொம்மையின் தலையைக் கழற்றிவிட்டு நிறுத்துவார்களே, இந்தக் கதையில் அதுவும் எடுபடாது. ஒரு பிளாஸ்டிக் உருவத்தின் தலையைப் பிடுங்கிய பிறகும் முண்டம் மேசையை உடைத்துக்கொண்டு திரிகிறது! மகள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். பெரிய குப்பைத் தொட்டி ஒன்று ரோஸின் நண்பனை விழுங்கி ஏப்பம் விடுவது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்காது.

கடைசியில் டொக்டரைக் காப்பாற்றுவது ரோஸ்தான். பள்ளிக்கூடக் காலத்தில் தேகப்பயிற்சியில் வெண்கலப் பதக்கம் எடுத்தவள் அவள். அதை நம்பிச் சங்கிலியில் தொங்கிப் பாய்ந்து எதிரிகளை உதைத்துத் தள்ளுகிறாள். ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் அன்று பார்த்தார்களாம். நாலு நாட்களில், எக்கிள்ஸ்டன் ஒரு சுற்றோடு விலகுகிறார் என்ற செய்தி வந்து எங்கள் வாயில் மண்ணைப் போட்டது வேறு கதை.

ஆனால் சகோதரிகளே, முடிவில்தான் எனக்கு நெஞ்சு சுருக்கென்றது. டொக்டர் கூப்பிட, ரோஸ் நண்பனின் கன்னத்தில் ஒரு முத்தம் வைத்துவிட்டுப் பெட்டிக்குள் ஓடிவிடுகிறாள். வீட்டில் தாய் இருக்கிறாள். அவளிடம் ஒரு வார்த்தை இல்லை. ரசிகையாக இருந்த நான் ஒரு நொடியில் உம்மாவாகிப் போனேன். ஏனென்றால் அந்த வாரங்களில் எங்கள் வீட்டிலும் இதே பேச்சுத்தான். மகளுக்கு வேறு நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கிடைத்திருந்தது. வாப்பா, "உம்மாவைக் கேள்" என்று நழுவிவிட்டார். லண்டனிலேயே படிக்கட்டும் என்பது என் கட்சி. அவள் மல்லுக்கு நிற்கவில்லை, ஆனால் பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 16ஆம் திகதி அங்கத்தில் ரோஸ் வீட்டுக்குத் திரும்புகிறாள். பன்னிரண்டு மணித்தியாலம்தான் ஆனதென்று டொக்டர் சொல்லியிருந்தார். ஆனது பன்னிரண்டு மாதங்கள். 'காணவில்லை' என்று மகளின் படம் போட்ட நோட்டீஸ்களைத் தாய் அடித்து வைத்திருக்கிறாள். பிள்ளையின் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு தெருவில் நிற்கும் தாய்மாரைக் கண்ட நாட்டில் பிறந்தவளுக்கு அது வெறும் நாடகக் காட்சியாகத் தெரியுமா? எழுதியவர் அந்தத் தாயை மறக்கவில்லை என்பதில்தான் இந்தத் தொடரின் மீள்வருகையை நான் முழுமனதாக ஏற்றுக்கொண்டேன். அண்டமெல்லாம் சுற்றிய டொக்டரின் கன்னத்தில் அவள் ஓங்கி ஓர் அறை விட்டாள். நானும், "நல்லா வேணும்!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

மகள் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "உம்மா, அவ சொல்லாமப் போனவ. நான் சொல்லிட்டுத்தானே போகக் கேக்குறன்."

எனக்கு அதற்கு மறுமொழி இருக்கவில்லை. இரவு தொழுதுவிட்டு நெடுநேரம் முஸல்லாவிலேயே இருந்தேன். செப்டம்பரில் அவளை ரயிலேற்றி விட்டோம். பையில் குர்ஆனும், அரைத்த மிளகாய்த்தூள் போத்தலும், எக்கிள்ஸ்டனின் படம் போட்ட ஒரு குவளையும் இருந்தன. அடுத்த வருடம் ஏப்ரலில் தொடர் திரும்பவும் தொடங்கியபோது, சனிக்கிழமைகளில் அது முடிந்து ஐந்து நிமிடம் ஆவதற்குள் டெலிபோன் அடிக்கும். ஸலாம் சொல்லுவாள், தொழுதாயா சாப்பிட்டாயா என்று நான் கேட்பேன், பிறகு இரண்டு பேருமாகப் புது டொக்டரைக் குறை சொல்லத் தொடங்குவோம்.