எட்டாம் வேற்றுமை

'சமாதானம்' என்ற சொல்லைத் தமிழ்க் கிறித்தவர்கள் அளவுக்குப் புழங்கியவர் வேறு எவரும் இருக்க மாட்டார்கள். ஊர் வழக்கில் சண்டைக்குப் பிறகு செய்துகொள்வது சமாதானம். கடமை தவறியவன் சொல்லும் சாக்குக்கும் அதுவே பெயர். 1995-இல் வெளிவந்த பொதுமொழிபெயர்ப்பான திருவிவிலியம் இதை விடுத்து 'அமைதி' என்று கொண்டது. எபிரேயத்தின் 'ஷாலோம்' குறைவின்றி முழுமையாய் இருத்தலைக் குறிப்பது. இரண்டு தமிழ்ச் சொற்களுக்கும் அது முழுதாக அடங்காது. எங்களுக்கு உவப்பு பழைய சொல்லே. அமைதிக்கு ஓசை அடங்கினால் போதும். சமாதானத்துக்கு இருவர் வேண்டும்.

இந்த வேறுபாடு எங்களுக்குப் புலப்பட்டது 2021 மே மாதத்தில். நாங்கள் என்பது பாளையங்கோட்டையில் வாழும் ஆசிரியக் குடும்பம்; ஒருவர் கல்லூரியில் தமிழும் மற்றவர் பள்ளியில் கணக்கும் கற்பிக்கிறோம். கொரோனாவின் இரண்டாம் அலையில் எங்கள் பெரிய அண்ணாச்சி மருத்துவமனையில் இருந்தார். பார்க்க அனுமதியில்லை. வழிபாட்டுத் தலங்கள் ஏப்ரல் இறுதியிலேயே மூடப்பட்டிருந்தன. நாளுக்கு ஒருமுறை தொலைபேசியில் அவர் குரல் வரும், மூச்சு வாங்கியபடி, "சாப்பிட்டியளா? ஜெபம் பண்ணியாச்சா?" என்ற இரண்டு கேள்விகளோடு நின்றுவிடும். உயிர்வளி அளவு 94, 90, 86 என்று இறங்கிய கணக்கை மதினி ஒரு பழைய நாட்குறிப்பில் எழுதிவந்தார். பகலில் இணையவழி வகுப்பு, இரவில் உறக்கமில்லை.

ஆறுதல் சொன்னவர்களுக்குக் குறைவில்லை. எல்லோரும் வாக்குத்தத்த வசனங்களையே அனுப்பினார்கள். நம் நற்செய்திக் கூட்டங்களின் சாட்சிகளும் பெரும்பாலும் இப்படித்தான்: நோய் வந்தது, ஜெபித்தோம், சுகமானோம். சுகமாகாதவர் குடும்பத்தை மேடைக்கு அழைக்கும் வழக்கத்தை நாங்கள் அதிகம் கண்டதில்லை.

எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் இரவுக்கு ஒரு சங்கீதம் என வரிசையாக வாசிப்பது முறை. (176 வசனங்கள் கொண்ட 119-ஐ மட்டும் பல நாள்களுக்குப் பகிர்ந்துகொள்வோம், பிள்ளைகளின் கண்ணீருக்கு இரங்கிச் செய்த ஏற்பாடு.) ஒருநாள் 88 வந்தது. 150 சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முறையீடுகள் என்பர். அவற்றில் பெரும்பாலானவை அழுகையில் தொடங்கி, எங்கோ ஓரிடத்தில் திரும்பி, துதியில் முடியும். 88 திரும்புவதில்லை. எஸ்ராகியனாகிய ஏமானின் பெயரில் வழங்கும் அப்பாடலில், பேசுபவர் அடைபட்டு வெளியேற முடியாமல் கிடக்கிறார். அறிந்தவர்கள் எல்லோரும் தூரமாக்கப்பட்டிருக்கிறார்கள். செய்தவர் நீரே என்று கடவுளையே சுட்டுகிறார். எபிரேய மூலத்தில் அதன் இறுதிச் சொல் இருள்.

வாசித்து முடித்ததும் யாரும் பேசவில்லை. எங்களோடு தங்கியிருந்த மதினிதான் முதலில் வாய் திறந்தார். "இவரு நம்மள மாதிரியே பேசுதாரு. இப்படியும் பேசலாம் போல." அதற்குப் பிறகு அவர் செய்த ஜெபத்தை இங்கே எழுதுவது முறையன்று. அதில் வேண்டுதலைவிட வழக்கு மிகுதி என்பதை மட்டும் சொல்லலாம். பத்து நாள்களுக்குப் பிறகு அன்றிரவு நாங்கள் எல்லோரும் உறங்கினோம்.

தமிழ் படித்தவர்களுக்கு இழப்பின் பாடல் புதியதன்று. புறப்பாடல்களில் 'கையறுநிலை' என்றொரு துறையே உண்டு. பறம்பை இழந்த பாரி மகளிரின் பாடல் அத்துறையைச் சேர்ந்தது. ஒல்லையூர்ப் பெருஞ்சாத்தன் மறைந்தபோது குடவாயிற் கீரத்தனார் முல்லையை அழைத்து வாதாடுகிறார். யாரிடம் கேட்பது என்று தெரியாத துயரம் பூவிடம் கேட்கிறது. முல்லை மறுமொழி சொல்லாது என்பது புலவருக்கும் தெரியும். அப்பாடலின் வலியே அதுதான்.

சங்கீதக்காரருக்கும் அன்று மறுமொழி கிடைத்ததாகத் தெரியவில்லை. ஆயினும் அவர் அழைப்பது தம்மை மீட்கும் தெய்வம் என்று தாம் நம்பும் ஒருவரை. அந்தப் பாடல் முழுவதிலும் வெளிச்சம் என்று சொல்லத்தக்கது தொடக்கத்து விளி ஒன்றே. தொல்காப்பியர் ஏழு வேற்றுமைகளைச் சொல்லி, விளியை எட்டாவதாக வைத்து, அதற்கென விளிமரபு என்று ஓர் இயலையே வகுத்தார். வகுப்பில் ஆண்டுதோறும் நடத்திவந்த பாடம்தான். பெயரைச் சொல்லிக் கூப்பிடக் கேட்பவர் ஒருவர் வேண்டும் என்பது வீட்டில் ஒரு மே மாத இரவில்தான் உறைத்தது.

நெல்லைக்காரர்களாகிய நமக்கு எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை நினைவுக்கு வராமல் போகார். 1858-இல் திருமுழுக்குப் பெற்ற அவர், ஜான் பனியனின் நூலைத் தழுவி 1894-இல் 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற காப்பியத்தைத் தந்தார். பனியன் தம் நம்பிக்கைக்காகப் பெட்ஃபோர்டு சிறையில் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தவர். அவருடைய கதையில் அவநம்பிக்கை என்னும் அரக்கனின் கோட்டையில் அடைபட்ட பயணி, வாக்குத்தத்தம் என்ற திறவுகோல் தன் மார்பிலேயே இருப்பதை நினைவுகூர்ந்து கதவைத் திறந்துகொள்கிறான். அழகிய கற்பனை. எனினும், எங்கள் கையிலிருந்த திறவுகோல் அந்த மாதம் எந்தக் கதவையும் திறக்கவில்லை என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். பூட்டிய கதவுக்கு உள்ளேயும் எங்களோடு ஒருவர் இருந்தார் என்பதே எங்கள் சாட்சி.

அண்ணாச்சி மே இறுதியில் காலமானார். கல்லறைத் தோட்டத்தில் நான்கு பேர் நின்றோம், பாடல் இல்லை, போதகர் சுருக்கமாக முடித்தார். ஜூலை 5-ஆம் நாள் வழிபாட்டுத் தலங்கள் மீண்டும் திறக்கப்பட்டன. மதினி உடனே வரவில்லை. ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்களைக் கேட்காமலே சேலை மாற்றிக்கொண்டு வந்து வாசலில் நின்றார்.

சங்கீதங்கள் ஒரு சுற்று முடிந்து மறுபடியும் 1-இல் தொடங்குகின்றன. 88 வரும் இரவை இளையவன் எப்படியோ முன்கூட்டியே அறிந்து வைத்திருக்கிறான். அன்று வாசிப்பு மதினியுடையது. வேறு யாருக்கும் கொடுக்கமாட்டார்.