பாட்டி நிற்கும் இடம்

திருவனந்தபுரத்தில் கிழக்குக் கோட்டையை ஒட்டி அமைந்துள்ளது பழவங்காடி. அங்குள்ள கணபதி கோவில் பலரும் அறிந்தது. கோவிலுக்கு அருகில் பழைய வீடு ஒன்றில் தமிழ்க் குடும்பம் ஒன்று மூன்று தலைமுறைகளாக வாழ்ந்து வருகிறது. சென்ற மழைக்காலத்தில் அவ்வீட்டுப் பாட்டி அடுக்களையின் ஈரத் தரையில் வழுக்கி விழுந்தார். நல்ல வேளையாக எலும்பு முறியவில்லை. ஆயினும் அடுக்களையைப் புதுப்பிக்க வேண்டும் என்று அன்றே குடும்பத்தார் முடிவு செய்தனர்.

பொறியாளர் வரைபடத்துடன் வந்தார். பளபளக்கும் தரை, 36 அங்குல உயர மேடை, கூரைவரை மர அலமாரிகள் என அனைத்தும் அதில் இருந்தன. எல்லாரும் மகிழ்ந்தனர்; பாட்டி மட்டும் பேசவில்லை.

“உங்களுக்குப் பிடிக்கவில்லையா, பாட்டி?” என்று வினவினாள் பேத்தி.

“அழகாகத்தான் இருக்கிறது, கண்ணே. இதில் நான் எங்கே நிற்பேன்?” என்றார் பாட்டி.

அதைக் கேட்ட பொறியாளர் வரைபடத்தைச் சுருட்டி வைத்துவிட்டு ஒரு வரலாற்றைக் கூறினார். 1926ஆம் ஆண்டு ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக, மார்கரெட்டே ஷூட்டே லிஹோட்ஸ்கி என்னும் ஆஸ்திரியப் பெண் கட்டடக் கலைஞர் ஓர் அடுக்களையை வடிவமைத்தார். ஒவ்வொரு வேலைக்கும் ஆகும் நேரத்தையும் நடையையும் கணக்கிட்ட அவர், தொடர்வண்டியின் உணவுப் பெட்டியையும் முன்மாதிரியாகக் கொண்டார். அவ்வடுக்களையின் அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். அமர்ந்து காய் நறுக்குவதற்குச் சுழலும் இருக்கையும் அதில் உண்டு. மாவில் புழு வராதிருக்க, மாவுப் பெட்டியை ஓக் மரத்தால் செய்வித்தார். ஏறத்தாழ 10,000 வீடுகளில் அவ்வடுக்களை அமைந்தது. ஆனால், அதில் ஒருவர்தாம் நின்று வேலை செய்ய இயலும். துணைக்கு மற்றொருவர் வர இடமில்லை.

“நம் வீட்டில் பாட்டியும் அம்மாவும் சேர்ந்துதானே சமைக்கிறார்கள்!” என்றாள் பேத்தி. உடனே அளவு நாடாவை எடுத்து வந்தாள். தரையிலிருந்து பாட்டியின் முழங்கை 36 அங்குல உயரத்திலும் அம்மாவின் முழங்கை 40 அங்குல உயரத்திலும் இருந்தன. மேடை முழங்கையைவிட 4 அங்குலம் தாழ்ந்திருந்தால் தோள் வலிக்காது என்றார் பொறியாளர். அதன்படி அடுப்பு மேடை 36 அங்குலமாகவும், சன்னலோரப் பகுதி 32 அங்குலமாகவும் அமைந்தன.

பளபளப்பான தரைக்கு மாறாக, ஈரத்திலும் வழுக்காத சொரசொரப்பான டைல்ஸைத் தேர்ந்தெடுத்தனர். மழைக்கால ஈரத்தில் மரம் பூஞ்சை பிடிக்கும் என்பதால், கீழ்த்தட்டுகளுக்குக் கடப்பைக் கல்லைப் பதித்தனர். கைக்கு எட்டாத உயரத்து அலமாரிகளைக் கைவிட்டனர். அதில் மிஞ்சிய பணம் சுவரோரக் கைப்பிடிக்கு உதவியது. எறிவதற்காக வாசலில் வைக்கப்பட்டிருந்த அம்மிக்கல்லும் உள்ளே வந்தது.

வேலை முடிந்த நாளில் சன்னலோரம் அமர்ந்து பாட்டி வெண்டைக்காய் நறுக்கினார். அடுப்பருகே அம்மா நின்றார். இருவருக்கும் இடையே பேத்திக்கும் இடம் இருந்தது.